கடைச் சாவியைத் தபாலட்டையில் அனுப்புவீர்களா?

மாத்தளையில் ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம் எப்படியிருக்கும் என்று ஊரவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு மணிவரை வெயில் எரிக்கும். இரண்டரைக்கெல்லாம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும். அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது இடி தொடங்கியிருக்கும். 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் அப்படியொரு வெள்ளிக்கிழமை, திருகோணமலை வீதியிலுள்ள எங்கள் கடையின் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்னல், மேசைக்கு மேலிருந்த ரவுட்டரைச் சுட்டுவிட்டுப் போனது. சின்னப் பெட்டிதான். விலையென்று பார்த்தால் ஒரு மூடை மிளகின் பெறுமதிகூட வராது. ஆனால் அந்தப் பெட்டி எரிந்ததனால் எங்கள் வியாபாரம் மூன்று நாட்கள் படுத்துவிட்டது.

எங்களுடையது வாப்பா தொடங்கிய வாசனைத் திரவிய வியாபாரம். உக்குவளை, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி, காயவைத்து, தரம் பிரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறோம். கடை மாத்தளையில், களஞ்சியம் உக்குவளையில். தம்புள்ளையில் ஒரு கிளையும், கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மாடியில் சின்ன அலுவலகமும் இருக்கின்றன. நான்கு இடங்களும் ஒரே கணக்குப் புத்தகத்தைத்தான் பார்க்கின்றன. அது மாத்தளைக் கடையின் மேல்மாடியில் இருக்கும் சேர்வரில் உள்ளது. தம்புள்ளையில் மிளகு நிறுக்கும் பையன் எடையைப் பதிந்தால், அடுத்த நிமிடமே கொழும்பில் தெரியும். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று கட்டி வைத்திருந்தது எரிந்துபோன அந்தப் பெட்டிதான்.

சனிக்கிழமை காலையிலேயே கண்டிக்குப் போய் அதே வகையில் புது ரவுட்டர் ஒன்று வாங்கி வந்தோம். மின்சாரம் கொடுத்ததும் விளக்குகள் எரிந்தன. அதோடு சரி. புது ரவுட்டர் என்பது எழுதாத கொப்பி மாதிரி. இணைய இணைப்பின் பெயரும் கடவுச்சொல்லும் என்ன, தம்புள்ளைக்கு எந்த வழி, கொழும்புக்கு எந்த வழி, சேர்வரை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று நான்கு வருடங்களாகச் சிறுகச் சிறுக எழுதிச் சேர்த்த அமைப்புகள் எல்லாம் பழைய பெட்டியோடு போய்விட்டன. ஒரு பிரதிகூட எங்களிடம் இருக்கவில்லை.

அதை அமைத்துத் தந்த தம்பி அப்போது கட்டாரில் தொழில் செய்துகொண்டிருந்தார். வட்ஸ்அப்பில் பிடித்தோம். பாவம், வேலை முடிந்து அறைக்கு வந்து, பழைய ஈமெயில்களைத் தோண்டி, 2021இல் தனக்குத்தானே அனுப்பி வைத்திருந்த ஒரு பைலைக் கண்டுபிடித்து அனுப்பினார். அது இரண்டு வருடம் பழையது. தம்புள்ளைக் கிளை அதில் இல்லை. மீதியை நினைவிலிருந்து எழுதி முடிக்கத் திங்கட்கிழமை பின்னேரமாகிவிட்டது. அதற்குள் கொழும்பில் எங்கள் சரக்குக்காகக் காத்திருந்த ஒருவர் வேறிடத்தில் மிளகு எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கப்பல் எங்களுக்காக நிற்கப் போவதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது இந்த நட்டத்தைப் பற்றியல்ல. சனிக்கிழமை இரவு அந்தப் பைலைத் திறந்த என் மருமகன், தங்கையின் மகன், கணனி படித்தவன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, இதில எல்லாமே ஈக்கிது. மறைக்காம அப்படியே ஈக்கிது" என்றான்.

நானும் பார்த்தேன். சாதாரண எழுத்துப் பைல். கொழும்பு அலுவலகத்தை இணைக்கும் இரகசியச் சொல், வைஃபை கடவுச்சொல், இணைய இணைப்பின் கடவுச்சொல், சேர்வரின் முகவரி என எல்லாம் வரிவரியாக, யார் திறந்தாலும் வாசிக்கும்படி கிடந்தன. இரண்டு வருடங்களாக அது ஒருவருடைய ஈமெயில் பெட்டியில் இருந்திருக்கிறது. அந்தத் தம்பி நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய ஈமெயிலை யாராவது உடைத்திருந்தால்? எங்கள் சேர்வரில் இருப்பது எங்கள் கணக்கு மட்டுமல்ல. எங்களுக்கு மிளகு தருகின்ற சிறு தோட்டக்காரர்களின் அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் அதில் இருக்கின்றன. காசை நேரடியாக வங்கியில் போடுவதற்காக எங்களை நம்பித் தந்தவை அவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இப்படியான விபரங்களைப் பற்றித்தான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அமானிதம் என்றும் ஒன்றிருக்கிறது.

பெரிய நானாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நம்மட மொளகுக் கடைய எவன் வந்து பாக்கப் போற?" என்றார். நம்மில் பலர் கேட்கும் கேள்வி இது. பதில் என்னவென்றால், யாரும் மாத்தளைக் கடையைத் தேடி வருவதில்லை, பூட்டில்லாத கதவைத் தேடி வருகிறார்கள். 2018 மே மாதம் வி.பி.என்.பில்டர் என்ற தீய மென்பொருள் வெளிச்சத்துக்கு வந்தது. அதைக் கண்டறிந்த சிஸ்கோ நிறுவன ஆய்வாளர்களின் கணக்குப்படி, குறைந்தது 54 நாடுகளில் சுமார் ஐந்து இலட்சம் சாதனங்களுக்குள் அது புகுந்திருந்தது. அவை இராணுவத் தளங்களின் பெரிய இயந்திரங்களல்ல. மைக்ரோடிக், டிபி-லிங்க், நெட்கியர், லிங்க்சிஸ் போன்று வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் இருக்கும் ரவுட்டர்கள். ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள் என்று அமெரிக்க எப்.பி.ஐ. பொதுமக்களிடம் கேட்க வேண்டியேற்பட்டது. நானா அதன்பிறகு சிரிக்கவில்லை. "சரி, என்ன செலவாகும்?" என்று கேட்டார். வியாபாரி அல்லவா!

செலவு பெரிதாக ஒன்றுமில்லை என்பதுதான் இதிலுள்ள நல்ல செய்தி. ரவுட்டரின் அமைப்புகளை நாள்தோறும் ஒரு பைலாக எடுத்து, அதைச் சேர்வருக்குப் பத்திரமாக அனுப்பி வைக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. "பத்திரமாக" என்ற சொல்லில்தான் விடயம் இருக்கிறது.

ரவுட்டரிலிருந்து பைல் அனுப்பப் பல வழிகள் உண்டு. மிகப் பழையதும் இலகுவானதும் டி.எப்.டி.பி. 1981இல் வகுக்கப்பட்ட இந்த முறையில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. கேட்டவருக்குக் கொடுக்கும், தந்ததை வாங்கும். அதனுடைய அண்ணன் எப்.டி.பி. இதை முதலில் எழுதியவர் நமக்கு அயலவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண் என்ற இந்தியர். ஆண்டு 1971. அன்றைக்கு வலையமைப்பில் இருந்த கணனிகளை எண்ணி முடிக்கலாம். ஒருவரை ஒருவர் தெரிந்த ஆய்வாளர்களே அவற்றைப் பாவித்தார்கள். ஆகவே எப்.டி.பி.யில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்பட்டாலும், அவை கம்பியில் திறந்தபடியே போயின. தபாலட்டையில் எழுதி அனுப்புவது மாதிரி. தபாற்காரர் நல்லவர் என்றால் பிரச்சினையில்லை.

தபாற்காரர்கள் எல்லாரும் நல்லவர்களல்ல என்பது 1995இல் பின்லாந்தில் தெரிந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கிருந்த தாத்து இலோனன் என்பவர், இதற்கொரு முடிவு கட்ட வேண்டும் என்று எஸ்.எஸ்.எச். என்ற பூட்டிய வழியை எழுதி, அதே ஆண்டில் இலவசமாக வெளியிட்டார். எப்.டி.பி.யின் வாசல் இலக்கம் 21, டெல்நெட்டின் இலக்கம் 23. நடுவில் காலியாகக் கிடந்த 22ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் அதே 22தான். அந்தப் பூட்டிய வழிக்குள்ளால் பைல்களை அனுப்பும் முறைதான் எஸ்.எப்.டி.பி. பெரிய கம்பனிகளின் சிஸ்கோ சாதனங்களில் எஸ்.சி.பி. என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே குடும்பம். எப்.டி.பி.எஸ். என்று இன்னொன்றும் உண்டு. எழுத்து இடம் மாறியிருக்கிறது, ஆளும் வேறு. அது பழைய எப்.டி.பி.க்கு மேல் பூட்டுப் போட்டது. கடையில் கேட்கும்போது எந்த எழுத்து முன்னால், எந்த எழுத்து பின்னால் என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

மருமகன் ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்து இதை அமைத்தான். முதலில் அவனும் நானும் வாக்குவாதப்பட்டது ஒரு விடயத்தில். ரவுட்டர் பைலைக் கொண்டுபோய்ச் சேர்வரில் கொடுப்பதா? சேர்வர் வந்து ரவுட்டரில் எடுப்பதா? சேர்வர் எடுப்பதுதான் நல்லது என்று எனக்குப் பட்டது. அவன் ஏற்கவில்லை. சேர்வர் எடுக்க வேண்டுமென்றால் எல்லா ரவுட்டர்களின் சாவியும் சேர்வரில் இருக்க வேண்டும். சேர்வர் ஒருநாள் கையை விட்டுப் போனால் நான்கு இடங்களும் சேர்ந்து போகும். ரவுட்டர் கொண்டுவந்து கொடுப்பதென்றால், ரவுட்டரின் கையில் இருக்கப் போவது ஒரு பெட்டிக்குள் போடும் உரிமை மட்டுமே. "பள்ளிவாசல் உண்டியல் மாதிரி மாமா. போடலாம், எடுக்க ஏலாது" என்றான். எனக்கு விளங்கிவிட்டது.

அந்த உண்டியலைச் சேர்வரில் இப்படிச் செய்தான். ரவுட்டர்களுக்கென்று தனித்தனிக் கணக்குகளைத் திறந்தான். அந்தக் கணக்கால் பைல் அனுப்புவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது, கட்டளை ஒன்றுகூடக் கொடுக்க முடியாது. உள்ளே வந்தால் ஒரே ஒரு அறைதான் தெரியும், சேர்வரின் மற்ற அறைகள் இருப்பதே தெரியாது. வந்த பைலை மணிக்கொருமுறை சேர்வரே எடுத்து வேறொரு பூட்டிய இடத்தில் வைத்துவிடும். ஆகவே ரவுட்டரைப் பிடித்த ஒருவன் பழைய பிரதிகளை அழிக்க நினைத்தாலும் அவை அவனுடைய கைக்கு எட்டாது.

இதில் ஓர் இடத்தில் பின்னேரம் முழுவதும் போய்விட்டது. கணக்கு திறந்தாயிற்று, சாவி கொடுத்தாயிற்று, ஆனால் ரவுட்டர் வாசலுக்கு வந்தவுடன் சேர்வர் காரணம் எதுவும் சொல்லாமல் விரட்டியது. கடவுச்சொல் பிழை, ரவுட்டர் பிழை என்று எதையெல்லாமோ மாற்றிப் பார்த்தோம். கடைசியில் சேர்வரின் பதிவேட்டை வாசித்த பிறகுதான் பிடிபட்டது. அடைத்து வைக்கும் அந்த அறை, லினக்ஸின் தலைமைக் கணக்குக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அதில் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. நாங்கள் அறையையே ரவுட்டரின் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். அறைக்குள் ஒரு சின்னத் தட்டை மட்டும் ரவுட்டருக்குக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. இதை அமைக்கப் போகும் வாசகர்கள் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். பதிவேட்டையும் தொடக்கத்திலேயே திறந்து வையுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிச் சோடியைப் பாவித்தோம். ஒரு பாதி ரவுட்டருக்குள் இரகசியமாக இருக்கும். மற்றப் பாதியைச் சேர்வரில் வைக்க வேண்டும், அதை யார் பார்த்தாலும் பரவாயில்லை. இதைப் பலரும் செய்கிறார்கள். பலரும் செய்யாமல் விடுவது இதன் மறுபக்கம். சேர்வர் ரவுட்டரை அடையாளம் காண்கிறது, சரி. ரவுட்டர் சேர்வரை அடையாளம் காண வேண்டாமா? சேர்வரின் இடத்தில் வேறொருவன் ஒரு மடிக்கணனியை வைத்துக்கொண்டு "நான்தான் சேர்வர்" என்றால், ரவுட்டர் நம் சாவிக்கொத்தை அவனிடமல்லவா கொடுக்கும்? இதற்காகவே ஒவ்வொரு சேர்வருக்கும் கைரேகை மாதிரி, எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட வரிசை ஒன்றிருக்கிறது. முதன்முறை இணையும்போது அது திரையில் வரும். "ஆம்" என்று அழுத்திவிட்டுப் போவதுதான் வழக்கம். மருமகன் மேல்மாடிக்குப் போய்ச் சேர்வரின் திரையிலிருந்து அதைக் கடதாசியில் எழுதி வந்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே "ஆம்" சொன்னான். சில சாதனங்கள் இந்தக் கைரேகையைக் கவனிப்பதேயில்லை. புதிதாக வாங்குபவர்கள் இதையும் கேட்டு வாங்குவது நல்லது.

கிளைகளுக்கிடையில் ஏற்கனவே வி.பி.என். என்ற பூட்டிய பாதை இருக்கும்போது உள்ளேயும் எதற்குப் பூட்டு என்று நானா கேட்டார். பாதைக்கு வெளியே இருப்பவர்களைத்தான் வி.பி.என். தடுக்கும். கடைக்குள் வைரஸ் புகுந்த ஒரு கணனி இருந்தால் அது உள்ளேயிருந்தே ஒட்டுக்கேட்கும். அதேபோல், சேர்வரின் 22ஆம் வாசலை இணையத்துக்குத் திறந்து விடவுமில்லை. கிளைகளின் பைல்கள் வி.பி.என். வழியாகவே வருகின்றன. வெளியில் திறந்து வைத்தால் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் இரவு பகலாகக் கதவைத் தட்டுவார்கள்.

அதிகாலை இரண்டு மணிக்குப் பைல் தானாகப் போகும்படி செய்து, பெயரில் திகதியும் சேர்த்தோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தம்புள்ளையிலிருந்து வந்த பைல்களில் சிலவற்றின் திகதி 1970 ஜனவரி! எங்கள் வகைச் சின்ன ரவுட்டர்களில் நேரத்தைக் காப்பாற்றி வைக்கும் பற்றரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் கணனிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் ஆதி நாளுக்கே திரும்பிவிடும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில் இதை வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வசதியை ரவுட்டரில் போட்டதும் அது தீர்ந்தது.

இவ்வளவும் செய்த பிறகு, எங்கள் ரவுட்டர் எரிவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் நாட்டில் நடந்த ஒன்றை மருமகன் நினைவுபடுத்தினான். 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அரசாங்க ஈமெயில் முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. சேவை சில மணித்தியாலங்களில் மீண்டது. ஆனால் மே 17 முதல் தாக்குதல் நாள் வரையிலான கடிதங்கள் மீளவில்லை. காரணம், பெக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டது. அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அப்படியென்றால் எங்கள் மேல்மாடிப் பெட்டி எம்மாத்திரம்? ஆகவே இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குக் கடை மூட முன்னர், சேர்வரிலுள்ள பிரதிகளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கழற்றி, இரும்புப் பெட்டிக்குள் வைக்கிறோம். பைல்களைத் திறக்கும் கடவுச்சொல் தனியாக ஒரு கடிதவுறையில் வீட்டில் இருக்கிறது.

ஒரு போயா தினத்தில் கடை மூடியிருந்தபோது ஒத்திகை பார்த்தோம். ரவுட்டர் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, மேலதிகமாக வாங்கி வைத்திருந்த இன்னொன்றில் பிரதியை ஏற்றினோம். நல்ல வேளை, பார்த்தோம். எங்கள் வகை ரவுட்டர் இரண்டு விதமாகப் பிரதி தரும். முழுப் பிரதி அதே மாதிரிப் பெட்டியில்தான் ஒழுங்காக ஏறும். எழுத்துப் பிரதி வேறு மாதிரியிலும் ஏறும், ஆனால் பாவனையாளர்களின் கடவுச்சொற்களும் சான்றிதழ்களும் அதில் வராது. நாங்கள் அதுவரை எழுத்துப் பிரதியை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து இரண்டையும் அனுப்புகிறோம். முதல் தடவை இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. அடுத்த போயாவில் நாற்பது நிமிடம்.

2025இல் இன்னொரு சிக்கல் வந்தது. சேர்வரிலிருந்த உபுண்டு 20.04க்கான வழமையான ஆதரவு அவ்வாண்டு மே மாதத்தோடு முடியவிருந்ததால் 22.04க்கு மாற்றினோம். மறுநாள் காலை உக்குவளைக் களஞ்சியத்துப் பைல் வரவில்லை. அங்கிருந்தது மிகப் பழைய ரவுட்டர். அதற்குத் தெரிந்த ஒரே கையெழுத்து முறையைப் புதிய எஸ்.எஸ்.எச். பலவீனமானது என்று ஒதுக்கிவிட்டிருந்தது. 2021இல் வெளியான ஓபன்எஸ்எஸ்எச் 8.8இலேயே அது நிறுத்தப்பட்டுவிட்டது. சேர்வரில் ஒரு வரியை மாற்றினால் பழைய முறையை மீண்டும் ஏற்றுக்கொள்ளும். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரையும் அதுதான். ஒரு பழைய பெட்டிக்காக நான்கு இடங்களின் பூட்டையும் தளர்த்துவதா என்று யோசித்தோம். முதலில் ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்தோம், அந்த மாதிரிக்குப் புதியது வருவதில்லை. பெட்டியையே மாற்றினோம். நானா முணுமுணுத்தார், ஆனால் காசு கொடுத்தார்.

இன்னும் முடியாமலிருப்பது களஞ்சியத்தின் சீ.சீ.டி.வி. பெட்டி. அதன் படங்களையும் சேர்வருக்கு எடுக்க வேண்டும், களவு போனால் முதலில் தூக்கிச் செல்வது அந்தப் பெட்டியைத்தானே. எங்களிடமுள்ளதற்குத் தெரிந்தது பழைய எப்.டி.பி. மட்டும். அதைப் பில் கணனிகள் இல்லாத தனி வலையமைப்பில் பிரித்துவைத்து, தனக்கென்று ஒரு தனி உண்டியலுக்கு மட்டும் அனுப்பும்படி வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கின் கடவுச்சொல் வேறெங்கும் பாவிக்கப்படுவதில்லை. புதிது வாங்கலாம் என்று அண்மையில் கண்டியில் ஒரு கடைக்குப் போனேன். எஸ்.எப்.டி.பி. இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்டிபி ஈக்கிது ஹாஜி, எல்லாம் ஒண்டுதான்" என்றார். பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.